பேங்குக்கு வந்த சல்லி முழுக்க உங்கட இல்ல: வீட்டில இருந்து கொன்ட்ராக்ட் வேலை செய்யிற ஆக்களுக்கு

2025 ஓகஸ்ட் 13ஆம் திகதி ராவு, கல்லடியில எங்கட வீட்டு மேசையில லெப்டொப்பத் திறந்து வச்சிக்கொண்டு இருக்கன், பக்கத்தில ஒரு கொப்பி, அதில 67,500 எண்டு எழுதி ரெண்டு தரம் வட்டம் போட்டிருக்கு. அது ரெண்டு நாளில கட்டவேண்டிய முதல் தவணை வரி. எக்கவுண்ட்ல கிடந்தது 21 ஆயிரத்துச் சொச்சம். மெல்பேர்ன்ல இருந்து மாசம் மாசம் சல்லி ஒழுங்கா வந்துதான் இருக்கு, வந்த சல்லிக்கு பாத்ரூமுக்கு டைல்ஸ் அடிச்சன், தங்கச்சிட மகள்ற சாமத்தியச் சடங்கு வந்திச்சு, மறுகா ஒரு பழைய மோட்டர்சைக்கிளும் எடுத்தன். ஒருத்தரும் என்னட்ட ஒண்டும் வெட்டல்ல, அதால எல்லாம் என்ட எண்டு நினைச்சிட்டன். மனிசி ஒண்டும் சொல்லல்ல, கழுத்தில கிடந்த சங்கிலியக் கழட்டி கொப்பிக்கு மேல வச்சிட்டு உள்ள போயிட்டா.

நான் செய்யிறது வீட்டு பிளான் கீறுற வேலை. கொழும்பில ஒரு கம்பனியில சம்பளத்துக்கு இருந்து, மறுகா ஊருக்கு வந்து, இப்ப வெளிநாட்டு ஆக்களுக்கு கொன்ட்ராக்ட்ல செய்யிறன். இப்ப மட்டக்களப்பு, காத்தான்குடி, கல்முனை, அக்கரைப்பற்று எல்லா இடத்திலயும் எங்கள மாதிரி ஆக்கள் கனக்க. லோகோ அடிக்கிற, கோட் எழுதுற, வீடியோ எடிட் பண்ணுற, வெளிநாட்டுக் கடைக்கு கணக்கு எழுதுற பொடியன்மார், புள்ளைகள். எல்லாரும் கேக்கிற கேள்வி ஒண்டுதான், "இதுக்கும் வரி இருக்கா?" இருக்கு. எப்பிடி இருக்கு, எதையெல்லாம் முதல்லயே செஞ்சு வச்சா லேசு எண்டதத்தான் எழுதுறன். நான் எக்கவுண்டன்ட் இல்ல, பிழை விட்டுப் பழகினவன், அவ்வளவுதான்.

முதல்ல நீங்க உண்மையிலயே கொன்ட்ராக்டரா எண்டு பாருங்க. இது விளையாட்டுக் கேள்வி இல்ல. ஊர்ல சில இடங்கள்ல காலம எட்டரைக்கு கைவிரல் வைக்கச் சொல்லுவாங்க, அவங்கட கம்பியூட்டர், அவங்கட கதிரை, லீவெண்டா மனேஜரிட்ட கேக்கணும், வேற இடத்தில வேலை செய்யவும் ஏலாது, ஆனா கடதாசியில மட்டும் "சுயாதீன கொன்ட்ராக்டர்" எண்டு எழுதி கையெழுத்து வாங்குவாங்க. ஏன் எண்டு கேட்டா, தொழிலாளி எண்டா முதலாளி ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி)க்கு 12 வீதமும் ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி)க்கு 3 வீதமும் தன்ட கையால போடணும், அஞ்சு வருசம் கழிஞ்சா வருசத்துக்கு அரை மாசச் சம்பளம் கிரஜுவிட்டி குடுக்கணும். கொன்ட்ராக்டர் எண்டு பேர் வச்சா ஒண்டும் இல்ல. ஆனா சட்டம் பாக்கிறது பேரை இல்ல, வேலை எப்பிடி நடக்குது, ஆர் ஆரை ஆட்டிப்படைக்கிற எண்டதை. அப்பிடி ஒரு இடத்தில நீங்க மாட்டி இருந்தா மட்டக்களப்பில இருக்கிற தொழில் திணைக்கள அலுவலகத்தில போய்க் கதைக்கலாம், கதைக்க முதல் வட்சப் மெசேஜ், லீவு கேட்ட மெயில், சல்லி வந்த ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் எடுத்து வச்சிக்கொள்ளுங்க.

உண்மையான கொன்ட்ராக்டர் எண்டா விலை சொல்லுறதிலதான் எங்கட ஆக்கள் முதல் அடி வாங்குற. "அங்க சம்பளம் ஒரு லட்சம், இவங்க கொன்ட்ராக்ட்ல ஒரு லட்சத்துப் பத்தாயிரம் தாறாங்க, பத்து கூடத்தானே" எண்டு எனக்குத் தெரிஞ்ச புள்ள ஒண்டு சந்தோசமா வந்து சொல்லிச்சு. நான் சொன்னன், மனே, இரு, கணக்குப் பாப்பம் எண்டு. ஒரு லட்சம் சம்பளத்துக்கு மேல முதலாளி ஈ.பி.எஃப், ஈ.டி.எஃப் எண்டு 15,000 போடுறான். கிரஜுவிட்டி மாசத்துக்குப் பிரிச்சா நாலாயிரத்துச் சொச்சம். கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி வருசத்துக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் கசுவல் லீவு, அது சம்பளத்தோட வாற லீவு, கொன்ட்ராக்டருக்கு காய்ச்சல் வந்தா அண்டைக்கு வருமானம் இல்ல, அது மாசத்துக்கு எட்டாயிரம் போல வரும். இதோட லெப்டொப், இன்டர்நெட், கரண்ட் எல்லாம் உங்கட. கூட்டிப் பாத்தா ஒரு லட்சத்து முப்பதுக்குக் கீழ எடுத்தா நட்டம். அந்தப் புள்ள மறுகா போய் ஒரு லட்சத்து முப்பத்தஞ்சு கேட்டு, முப்பதுக்கு முடிச்சிச்சு.

இனி டின் நம்பர், அதுதான் வரி செலுத்துநர் அடையாள எண். 18 வயசு தாண்டின ஆக்கள் எடுத்தாகணும் எண்டு வந்திட்டு, இறைவரித் திணைக்களத்திட வெப்சைட்ல ஐ.சி.ய வச்சு வீட்டில இருந்தே எடுக்கலாம். இங்க கனபேர் ரெண்டு விசயத்தைக் குழப்புறாங்க. டின் எடுத்தா உடன வரி கட்டணும் எண்டு பயந்து எடுக்காம இருக்கிறது ஒண்டு. டின் எண்டது நம்பர் மட்டும்தான், ஐ.சி நம்பர் மாதிரி. மற்றது அதுக்கு நேர் எதிர், டின் எடுத்திட்டன், வேலை முடிஞ்சு எண்டு இருக்கிறது. வரி கட்டுற அளவுக்கு வருமானம் வந்தா அந்த டின்னுக்குக் கீழ வருமான வரி எண்ட பகுதியத் தனியாத் திறக்கணும், ஒன்லைன்ல ரிட்டேர்ன், அதாவது வருச வருமானக் கணக்கு, போட பின் நம்பரும் தனியா எடுக்கணும். இதக் கடைசிக் கிழமையில செய்யப்போனா தலையிடிதான். சந்தேகம் எண்டா 1944க்கு அடிச்சுக் கேளுங்க, இல்லாட்டி மட்டக்களப்பு பிராந்திய அலுவலகத்துக்குப் போங்க, நேர்ல போறது எண்டா ஐ.சி கொப்பியும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும் கையில இருக்கட்டும்.

பிஸ்னஸ் பேர் பதியணுமா எண்டும் கேக்கிறாங்க. உங்கட சொந்தப் பேரில இன்வொய்ஸ் போட்டு சொந்தப் பேரில சல்லி எடுத்தா தேவையில்ல. "கிழக்கு டிசைன்ஸ்" எண்டு ஒரு பேர் வச்சா டீ.எஸ் ஒபிஸ்ல (பிரதேச செயலகத்தில) பதியுங்க, ஜீ.எஸ்ட (கிராம சேவகர்ற) கடிதத்தில இருந்து தொடங்கணும், அந்தப் பேரில பேங்க் எக்கவுண்ட் திறக்கவும் அந்தப் பத்திரம்தான் கேப்பாங்க.

இப்ப கணக்குக்கு வருவம். வரி வருசம் ஏப்ரல் 1ல தொடங்கி மார்ச் 31ல முடியும், எங்கட சித்திரை வருசம் மாதிரித்தான், ரெண்டு கிழமை முந்தி. 2025 ஏப்ரல் 1ல இருந்து ஆளுக்கு வருசத்துக்கு 18 லட்சம் வரைக்கும் வரி இல்ல, அதுக்கு முந்தி 12 லட்சமா இருந்தது. 18க்கு மேல வாறதில முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம், மறுகா அஞ்சு அஞ்சு லட்சமா 18, 24, 30 வீதம், மிச்சத்துக்கு 36 வீதம். இது உள்ளூர்ல உழைக்கிற ஆக்களுக்கு. வெளிநாட்டுக்குச் சேவை செஞ்சு வெளிநாட்டுக் காசா வாங்கி பேங்க் வழியா இலங்கைக்குக் கொண்டுவந்தா, 2025 மார்ச் வரைக்கும் அந்த வருமானத்துக்கு வரியே இல்லாம இருந்திச்சு. ஏப்ரல்ல இருந்து வரி வந்திட்டு, ஆனா உச்சம் 15 வீதம்தான், முதல் 10 லட்சத்துக்கு அதே 6 வீதம். "வெளிநாட்டுக் காசுக்கு வரி இல்லையாமே" எண்டு இன்னும் சொல்லித் திரியிற ஆக்கள் பழைய கதையச் சொல்லுறாங்க, அதக் கேட்டுத்தான் நானும் டைல்ஸ் அடிச்சன்.

என்ட கணக்கையே போடுறன், மாசம் நாலு லட்சம், வருசம் 48 லட்சம். வேலைக்கு எண்டு போற செலவு ஆறு லட்சம், மிச்சம் 42. அதில 18ஐக் கழிச்சா 24 லட்சம். முதல் 10 லட்சத்துக்கு 6 வீதம் 60,000, மிச்சம் 14 லட்சத்துக்கு 15 வீதம் 2,10,000. மொத்தம் 2,70,000. நாலாப் பிரிச்சா அந்த 67,500. இதே உழைப்பு உள்ளூர்ல இருந்து வந்தா 60,000, 90,000, 1,20,000, மறுகா 1,20,000, எல்லாமா 3,90,000. வித்தியாசம் ஒரு லட்சத்து இருபதினாயிரம். மாசம் ரெண்டரை லட்சம் உழைச்சு வருசச் செலவு நாலு லட்சம் போற ஆளுக்கு 26 லட்சம்தான் மிஞ்சும், 18 போனா 8 லட்சம், வரி வருசத்துக்கே 48,000. மாசம் நாலாயிரம். அதுக்குப் பயந்து ஒளியிறது தேவையில்லாத வேலை.

ஒரு பொறி இருக்கு. 18 லட்சம் எண்டது ஆளுக்கு ஒரு தரம்தான், வேலைக்கு ஒரு தரம் இல்ல. பகல்ல ஒரு ஒபிஸ்ல ஒரு லட்சத்து அறுபது சம்பளம், ராவில ஃப்ரீலான்ஸ் எண்டு இருக்கிற ஆளுக்கு சம்பளத்திலயே அந்த 18 முடிஞ்சிடும், அதாலதான் அங்க ஏபிட் எண்டு சம்பளத்தில இருந்தே வரி கொஞ்சம் வெட்டுறாங்க. ராவில வாற சல்லிக்கு முதல் ரூபாயில இருந்தே வரி. இது தெரியாம "என்ட ஃப்ரீலான்ஸ் வருசத்துக்கு ஆறு லட்சம்தானே, 18ஐத் தாண்டல்ல" எண்டு இருக்கிற ஆக்கள் எனக்குத் தெரிஞ்சே நாலு பேர்.

அந்த 15 வீதச் சலுகை சும்மா வராது, ரெண்டு விசயத்தில தொங்கிக்கொண்டு இருக்கு. ஒண்டு, செய்யிற சேவை இலங்கைக்கு வெளியில பயன்படணும். அறுகம்பேயில ஒரு ஹோட்டல், அதிட சொந்தக்காரன் இங்கிலாந்தில, உங்களுக்கு பவுண்ஸ்ல அனுப்பி ஹோட்டலுக்கு வெப்சைட் செய்யச் சொல்லுறான். காசு வெளிநாட்டுக் காசுதான், ஆனா ஹோட்டல் பொத்துவில்ல கிடக்கு, வெப்சைட் அந்த ஹோட்டலுக்கு. நான் எண்டா அத சாதாரண வீதத்தில போட்டு நிம்மதியா இருப்பன். மெல்பேர்ன்ல கட்டப்போற வீட்டுக்கு கல்லடியில இருந்து பிளான் கீறுறது அப்பிடி இல்ல, அது சுத்தமா வெளியில பயன்படுற வேலை.

மற்றது, சல்லி வாற வழி. பேங்க் வழியாத்தான் வரணும். எங்கட பகுதியில உண்டியல் பழக்கம், அதாவது பேங்க் இல்லாம ஆள் வச்சுக் காசு அனுப்புற பழக்கம், இருக்கு எண்டது எல்லாருக்கும் தெரியும், ரேட் கொஞ்சம் கூட, பின்னேரமே வீட்டு வாசல்ல காசு. காத்தான்குடியில எனக்கு ஒரு கூட்டாளி, டுபாய்க் கடை ஒண்டுக்கு போட்டோ எடிட் பண்ணுறவன், அவன் கேட்டான், "மச்சான், டொலருக்கு அஞ்சு ரூபா கூடத் தாறாங்க, எடுத்தா என்ன?" எண்டு. நான் சொன்னது இதுதான்: அந்த அஞ்சு ரூபாய எடுத்தா 15 வீதத்தை விட்ட மாதிரி, அதோட நாளைக்கு நீ வீடு கட்டினா இந்தக் காசு எங்கால எண்டு கேட்டா காட்டுறதுக்கு ஒரு துண்டும் இல்ல, அது சட்டத்துக்குப் புறம்பான வழியும் கூட. பெரியம்மாட எக்கவுண்ட்டுக்கு எடுக்கிறதும் அப்பிடித்தான். பெரியம்மா பேரில வாற காசு பெரியம்மாட வருமானம் மாதிரி நிக்கும், மறுகா நீங்க ரெண்டு பேரும் விளக்கம் சொல்லித் திரியணும்.

பேங்க்ல வெளிநாட்டுக் காசு வரேக்க என்ன காரணத்துக்கு எண்டு கேப்பாங்க. நாங்க அவசரத்தில "குடும்பச் செலவு" எண்டு சொல்லிட்டு வந்திடுவம். அப்பிடிச் சொல்லாதீங்க. சேவைக்கான கட்டணம், டிசைன் வேலை, சொப்ட்வேர் வேலை, எது உண்மையோ அதச் சொல்லுங்க. குடும்பச் செலவு எண்டு பேங்க்ல எழுதி, சேவை வருமானம் எண்டு ரிட்டேர்ன்ல எழுதினா ரெண்டு கடதாசியும் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்கும். பேயோனியர் எண்ட ஒன்லைன் பணச் சேவை வழியா எடுக்கிற ஆக்களுக்கு சில நேரம் சல்லி ரூபாவாத்தான் வந்து விழும், அப்ப பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும் காணாது, பேயோனியர்ல டொலரா வந்த ஸ்டேட்மென்ட்டையும் மாசா மாசம் இறக்கி வைங்க. நாலைஞ்சு வருசம் வெளிநாட்டுக்கு வேலை செய்யப்போறன் எண்டா பேங்க்ல வெளிநாட்டு நாணயக் கணக்கு ஒண்டு திறக்கிறது நல்லம், டொலர் டொலராவே வந்து நிக்கும், தேவைக்கு மாத்தலாம்.

இன்வொய்ஸ் கட்டாயம். "அவன் கேக்கல்லயே, நான் ஏன் போடணும்" எண்டு கேக்காதீங்க, அது அவனுக்கு இல்ல, உங்களுக்கு. என்ட இன்வொய்ஸ் அரைப்பக்கம்தான். மேல என்ட பேர், விலாசம், டின் நம்பர், இன்வொய்ஸ் நம்பர், திகதி. நடுவில "மெல்பேர்ன்ல கட்டுற ரெண்டு மாடி வீட்டுக்கு வரைபடம், ஒக்டோபர் மாசம்" எண்ட மாதிரி என்ன வேலை, எங்க பயன்படுற வேலை எண்டு ஒரு வரி. மறுகா தொகை, எந்த நாட்டுக் காசு, பேங்க் பேர், ஸ்விஃப்ட் கோட், எத்தினை நாளைக்குள்ள கட்டணும். சல்லி வந்த நாள்ல அண்டைய ரேட்டையும் ரூபாயையும் அந்த இன்வொய்ஸ்லயே பேனையால எழுதி வைக்கிறன். மார்ச் முடிய எல்லாத்தையும் கூட்டினா வருச வருமானம். தனி சொப்ட்வேர் ஒண்டும் தேவையில்ல.

ஃபைவர் மாதிரி இடத்தில வேலை செய்யிற ஆக்களுக்கு ஒரு சின்ன விசயம். ஆயிரம் டொலர் வேலைக்கு அவன் 20 வீதம் எடுத்துக்கொண்டு 800 தருவான். உங்கட வருமானம் ஆயிரம், 200 செலவு. முடிவு ஒண்டுதான், ஆனா எழுதுற விதம் அப்பிடித்தான்.

உள்ளூர்க் கம்பனிக்கு செய்யிற ஆக்களுக்கு வேற ஒரு விசயம், 5 வீத வெட்டு. மாசத்துக்கு ஒரு லட்சத்துக்கு மேல உங்களுக்குச் சேவைக் கட்டணம் தந்தா அவங்க 5 வீதத்தை வெட்டி இறைவரிக்குக் கட்டணும். ஒன்றரை லட்சம் எண்டா 7,500 போக 1,42,500 கைக்கு வரும். இது மேலதிக வரி இல்ல, நீங்க கட்டப்போற வரியில முன்கூட்டியே கட்டின பங்கு, வருசக் கடைசியில கழிக்கலாம். ஆனா கழிக்க சேட்டிபிக்கட் வேணும். எனக்கு கொழும்பில ஒரு கம்பனி எட்டு மாசம் வெட்டினது, சேட்டிபிக்கட் கேட்டா "எக்கவுண்ட்ஸ்ல கேளுங்க", எக்கவுண்ட்ஸ்ல கேட்டா "சேர் லீவு". நான் விட்டிட்டன், அது என்ட பிழை. இப்ப எண்டா ஒவ்வொரு இன்வொய்ஸுக்கும் கீழ "வரி வெட்டினா சேட்டிபிக்கட் அனுப்பவும்" எண்டு எழுதுறன், போன மாசத்து சேட்டிபிக்கட் வராட்டி இந்த மாசத்து ஃபைல் போகாது. கொஞ்சம் முகத்தில அடிச்ச மாதிரித்தான் இருக்கும், பரவால்ல.

வெளிநாட்டுக்காரர் அனுப்புற ஃபோம்களப் பாத்தும் பயப்பிட வேண்டாம். அமெரிக்கக் கம்பனி எண்டா டபிள்யூ-8பென் எண்டு ஒண்டு வரும், நான் அமெரிக்கன் இல்ல எண்டு சொல்லுற ஃபோம் அது. வேலைய இங்க இருந்து செய்யிறபடியா அந்த வருமானம் அமெரிக்காவில உண்டான வருமானம் இல்ல, அதால அங்க வெட்டத் தேவையில்ல. கையெழுத்து வச்ச வருசத்துக்குப் பிறகு மூண்டாவது வருசம் முடியும் வரைக்கும் அது செல்லும், மறுகா புதுசா நிரப்பணும். டபிள்யூ-9 எண்டு அனுப்பினா நிரப்பாதீங்க, அது அமெரிக்க ஆக்களுக்கு. அவுஸ்திரேலியாக்காரன் ஏ.பி.என் நம்பர் கேப்பான், இல்லாட்டி 47 வீதம் வெட்டணும் எண்டு சொல்லுவான். எனக்கு முதல் தரம் அந்த மெயில் வந்த நேரம் விடியச்சாமம் நாலரை, அங்க காலம ஒன்பது, நித்திரைத் தூக்கத்தில 47ஐப் பாத்திட்டு எழும்பிக் குந்திட்டன். பயப்பிட ஒண்டுமில்ல, ஏ.பி.என் எண்டது அங்க தொழில் நடத்துற ஆக்களுக்கு, நான் அவுஸ்திரேலியாவில வசிக்கிற ஆளும் இல்ல, அங்க தொழில் நடத்துற ஆளும் இல்ல எண்டு எழுத்தில குடுத்தா அந்த வெட்டு வராது.

செலவுகள். உழைக்கிறதுக்காகப் போற செலவக் கழிக்கலாம், வீட்டுச் செலவக் கழிக்க ஏலாது. இன்டர்நெட் பில், சொப்ட்வேர் சந்தா, பேங்க் கட்டணம், வேலைக்கு வச்சிருக்கிற உதவியாள்ற காசு, இதெல்லாம் சரி. கரண்ட் பில் முழுக்கப் போடாதீங்க, வீட்டில ஃப்ரிட்ஜும் டீவியும் அதிலதானே ஓடுது, வேலை செய்யிற அறைக்கு நியாயமா ஒரு பங்கைப் பிரிச்சு எப்பிடிப் பிரிச்ச எண்டும் எழுதி வைங்க. மாரியில கரண்ட் போற ஊர் இது, யூ.பி.எஸ்ஸும் பற்றரியும் எங்களுக்கு ஆடம்பரம் இல்ல. லெப்டொப் மாதிரி கன வருசம் நிக்கிற சாமானை வாங்கின வருசத்திலயே முழுசாக் கழிக்க ஏலாது, அஞ்சு வருசத்துக்குச் சமனாப் பிரிக்கணும். 2,40,000க்கு வாங்கினா வருசத்துக்கு 48,000. டைல்ஸுக்கும் சாமத்தியச் சடங்குக்கும் ஒண்டும் இல்ல, கேட்டுப் பாத்திட்டன்.

கட்டுற திகதிகள்: ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மறுகா வருசம் முடிஞ்சு மே 15. நாலு தவணை. ஓகஸ்ட் 15க்கு முதல் இந்த வருசம் எவ்வளவு உழைப்பன் எண்டு ஒரு மதிப்பீடும் குடுக்கணும். கணக்கு முடிச்சுப் பாக்க ஏதும் குறைஞ்சிருந்தா செப்டெம்பர் 30க்குள்ள கட்டணும், ரிட்டேர்ன் நவம்பர் 30. 2025 ஏப்ரல்ல தொடங்கின வருசத்திட ரிட்டேர்ன் 2026 நவம்பர் 30. பிந்திக் கட்டினா மாசத்துக்கு 1.5 வீதம் வட்டி ஏறும். ரிட்டேர்ன் பிந்தினா தண்டம் 50,000ல தொடங்கி மாசத்துக்குப் பத்தாயிரம் கூடும், நாலு லட்சம் வரைக்கும் போகலாம். வரி 48,000, தண்டம் 50,000 எண்டா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. திணைக்களத்தில இருந்து ரிட்டேர்ன் போடச் சொல்லிக் கடிதம் வந்தா, எனக்கு வருமானம் இல்லத்தானே எண்டு அலுமாரிக்குள்ள வைக்காதீங்க, போய்ப் பதில் குடுங்க.

சல்லிய ஒதுக்கிறது எப்பிடி எண்டு எனக்குச் சொல்லித் தந்தது எங்கட மாமா, உன்னிச்சைப் பக்கம் வட்டை செய்யிறவர், வரி கட்டினதே இல்ல. "சூடு மிதிச்ச உடனே விதைநெல்ல எடுத்து மூட்டை கட்டி வச்சிட்டுத்தானே மனே மற்றதை மில்லுக்கு ஏத்துற, நீ ஏத்திட்டு மறுகா தேடுறாய்" எண்டார். அண்டைக்கே இன்னொரு பேங்க்ல காட் இல்லாத ஒரு சேவிங்ஸ் எக்கவுண்ட் திறந்தன். மெல்பேர்ன் சல்லி வந்த அண்டைக்கே, அடுத்த நாள் இல்ல, அண்டைக்கே பத்தில ஒரு பங்கு அதுக்குப் போகும். என்ட அளவு வருமானத்துக்கு வரி ஆறு வீதத்துக்குக் கிட்டத்தான் வருது, மிச்சம் வேலை இல்லாத மாசத்துக்கு. காட் இல்லாத எக்கவுண்ட் எண்டதுதான் முக்கியம், எடுக்கணும் எண்டா பாலத்தைத் தாண்டி டவுணுக்குப் போய் வரிசையில நிக்கணும், அந்த அலுப்பிலயே பாதி ஆசை போயிடும். அந்த எக்கவுண்ட்ல வாற வட்டிக்கும் பேங்க் 10 வீதம் வெட்டும், அது வேற கதை, வருமானம் 18 லட்சத்துக்குக் கீழ உள்ள ஆக்கள், முக்கியமா வயசான அம்மா அப்பா, பேங்க்ல ஒரு பிரகடனம் குடுத்தா வெட்ட மாட்டாங்க.

வயசு போன காலத்துக்கும் ஆரும் எங்களுக்குச் சேர்க்கப்போறதில்ல. ஈ.டி.எஃப்ல சுயதொழில் ஆக்களும் விரும்பிச் சேரலாம், சமூகப் பாதுகாப்புச் சபையில சுயதொழில்காரருக்கு ஓய்வூதியத் திட்டம் இருக்கு, டீ.எஸ் ஒபிஸ்ல விசாரிச்சா அதுக்குப் பொறுப்பான உத்தியோகத்தரைக் காட்டுவாங்க. இளம் ஆக்கள் இதக் கேட்டு சிரிப்பாங்க, சிரிங்க. ஆனா ஒண்டு, வீடு கட்ட லோன் கேட்டுப் போனா பேங்க்காரன் சம்பளத் துண்டு கேப்பான், எங்களிட்ட இல்ல. அந்த இடத்தில பேசுறது ரெண்டு வருச ரிட்டேர்னும் பேங்க் ஸ்டேட்மென்ட்டும்தான். விசாவுக்கும் அதேதான். "இவருக்கு நிரந்தர வருமானம் இல்ல" எண்டு எழுதப்போன ஆள் ரிட்டேர்னப் பாத்திட்டு பேனைய வச்சதை என்ட கண்ணால கண்டிருக்கன்.

கடதாசிகள் அஞ்சு வருசம் இருக்கணும். இன்வொய்ஸ், பேங்க் துண்டு, செலவு பில், வெட்டின சேட்டிபிக்கட், கட்டின வரி ரசீது. கடை பில்லுகள் வெய்யிலுக்கு மை போயிடும், வாங்கின அண்டைக்கே போன்ல படம் எடுங்க. படம் எல்லாம் கூகுள் டிரைவ்ல வருசத்துக்கு ஒரு ஃபோல்டர். ஒரிஜினல் எல்லாம் எங்கட வீட்டில ஒரு பிஸ்கட் டின்னுக்குள்ள, அதுக்கு மேல ரெண்டு பொலித்தீன் உறை, அலுமாரிட மேல் தட்டில. வெள்ளம் வாற ஊர்தானே. அம்மம்மா 78 சூறாவளிக்குள்ள காணி உறுதிய சீலையில சுத்தி இடுப்பில கட்டிக்கொண்டு ஓடினவ, அவக்கு நான் டின்னக் கட்டிறதைப் பாக்க ஒரே சிரிப்பு. சங்கிலி நவம்பர்ல மீட்டாச்சு, அடகுத் துண்டையும் அந்த டின்னுக்குள்ளதான் போட்டு வச்சிருக்கன், வரிக்குக் கழிக்க ஏலாது எண்டு தெரிஞ்சும்.